தார் சுற்றிய கைகள்

சின்ன காஞ்சிபுரத்து நாமகிரி, பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். கல்யாணம் தட்டித் தட்டிப்போய் முப்பத்தாறு வயதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் பாச்சா விட்டுப்போன சின்ன மூவி கேமராவை 1971-ல் அவள் கையில் எடுத்தபோது, பெருமாள் புறப்பாட்டை எடுக்கப்போகிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

அவள் எடுத்ததோ பக்கத்துத் தெரு கிருஷ்ணம்மாளின் கைகளை. தறியில் உட்காருவது புருஷன் வேலாயுதம். விடிந்ததிலிருந்து ராட்டினத்தில் ஊடை நூலைக் குழலில் ஏற்றி அவனுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது அவள். நெசவாளி யார் என்றால் ஊர் அவனைத்தான் காட்டும். மூன்று நிமிஷப் படம். பேச்சு இல்லை, சேலைகூட இல்லை. இழை அறுவதும் விரல் முடிச்சுப் போடுவதும்தான்.

"மூஞ்சி வேணாமாம்மா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

"முகத்தைக் காட்டினா அழகா இருக்காளான்னு பார்ப்பா. கையைக் காட்டினா வேலையைப் பார்த்துத்தானே ஆகணும்."

பள்ளி ஆண்டுவிழாவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினாள். கதை எங்கே என்று சிரித்தார்கள். அத்தோடு போயிருக்கலாம். "உன் பொண்டாட்டி சினிமாவுல வர்றாளாமே" என்று வேலாயுதத்திடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் கட்டையால் அடித்ததில் அவள் வலது மணிக்கட்டு முறிந்தது.

நாமகிரி இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மதியம், அவன் இல்லாத நேரம் பார்த்துப் போனாள். கட்டுப்போட்ட கையோடு கிருஷ்ணம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"என்னாலதான்..."

"நீயா அடிச்ச? வுடும்மா. அந்த மிஷினு எங்க?"

"எதுக்கு?"

"நல்லா இருந்த கைய எடுத்த இல்ல, இதையும் எடு. இல்லாங்காட்டி, நான் என்னமோ சொகமா சுத்திக்கினு இருக்கேன்னு பாக்கறவங்க நெனச்சுக்குவாங்க."

நாமகிரி கேமராவைக் கொண்டுவந்தாள். கட்டுப்போட்ட கையை எடுத்தாள்.

இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கினாள். மெட்ராஸில் ஒரு சின்ன ஃபிலிம் சொசைட்டியில் பதினாறு பேர் பார்த்தார்கள். இதெல்லாம் படமா என்று ஒருவர் எழுந்து போனார். மற்றவர்கள் முடியும்வரை பார்த்தார்கள். பிறகு, டீச்சர் ஊர்ப் பெண்களைப் படமெடுத்துக் காட்டுகிறாள் என்று பள்ளிக்கு மொட்டைக் கடிதம் வந்தது, வேலை போனது. அப்பா கிருஷ்ணஸ்வாமி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

கிருஷ்ணம்மாளின் எலும்பு கோணலாகவே கூடியது. தார் சுற்ற வேலாயுதம் தன் அக்கா மகளைக் கூட்டிவந்தான். கிருஷ்ணம்மாள் ஏனாத்தூரில் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு, இடது கையால் களை பறிக்கப் பழகினாள்.

நாலு வருஷம் நாமகிரி கேமராவைத் தொடவில்லை. மறுபடி எடுக்க ஆரம்பித்தபோது எந்தப் பெண்ணிடமும் அவள் முதலில் கேட்டது இதைத்தான்: "இதைப் பார்த்தா உங்க வீட்ல யார் அடிப்பா?"

பாதிப் பேர் உள்ளே போய்விடுவார்கள். அவர்களை அவள் எடுத்ததில்லை.