நூற்றெழுபது அடியேன்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சத்தம் வரும், பிறகு கடிதம் வரும். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். தப்பைப் பார்த்தால் சிவப்பு மையால் சுழிக்காமல் இருக்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் எடை குறைந்தால் கம்பெனிக்குக் கடிதம், பஸ் நிற்காமல் போனால் டெப்போவுக்குக் கடிதம். நான் பேனாவை எடுத்தாலே என் வீட்டுக்காரர், "இன்னைக்கு யாருக்குப் போகுது ஓலை?" என்பார்.

ஆனால் அந்த ஐப்பசியில் வந்த கோபம் வேறு ரகம். அது என் சிநேகிதிக்காக வந்தது.

அவள் தமிழ் டீச்சர். ஒரே ஸ்கூலில், ஒரே ஸ்டாஃப் ரூமில், அடுத்தடுத்த நாற்காலியில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னார்புரத்தில் ஜெபமாலையோடு எழுந்திருக்கிறவள், அவள் ஸ்ரீரங்கத்தில் திருமண் இட்டுக்கொண்டு எழுந்திருக்கிறவள். ரிட்டயர் ஆன பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் போன் பண்ணுவேன். என்ன பேசுவோம்? ஒன்றுமில்லை. கத்தரிக்காய் கசந்தது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, இதுதான். அரைமணி நேரம் போவது தெரியாது.

அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகி, மூன்று வருஷம் முன்பு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினார்கள். மெஷினின் சத்தத்தைச் சரிசெய்யச் செல்போனில் ஒரு ஆப் உண்டு. அதன் மூலமாகப் போனில் பேசுகிற குரல் நேராக மெஷினுக்குள் போய்விடும். முதல் நாள் பேசியபோது குழந்தை மாதிரிச் சிரித்தாள். "நீ என் காதுக்குள்ளேயே உக்காந்துண்டு பேசறேடி!" என்றாள்.

ஐப்பசியில் ஒருநாள் அந்த ஆப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. போன் ஏதோ கேட்டிருக்கிறது, இவள் 'சரி' என்று அமுக்கியிருக்கிறாள். அதோடு சரி. போனில் மட்டுமில்லை, நேரில் பேசினாலும் காதில் வெறும் இரைச்சல். தில்லைநகரில் மெஷின் வாங்கிய கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க மேடம். இந்த மாடலை ஆப்புல இருந்து எடுத்துட்டாங்க. கம்பெனியே கைவிட்டா நாங்க என்ன செய்யறது? புது மாடல்தான் வாங்கணும்" என்றார்.

அவள் மகன் பெங்களூரிலிருந்து உடனே புதிது வாங்கித் தருகிறேன் என்றான். இவள் சம்மதிக்கவில்லை. "நன்னா இருக்கறதை எதுக்குத் தூக்கிப் போடணும்? புதுசும் மூணு வருஷத்துல இதையேதான் பண்ணும். அப்போ?" என்று கேட்டாள்.

ஏழு மணிக்குப் போன் பண்ணினேன். "ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கலைடி, வெச்சுடறேன்." நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் அவள் போனையே எடுக்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டிப் போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்வது காதில் விழாமல், சிரிக்க வேண்டாத இடத்திலெல்லாம் சிரித்தாள். பொறுக்க முடியவில்லை எனக்கு. என் பையில் எப்போதும் கிடக்கிற பழைய சிலேட்டை எடுத்து, அதில் எழுதி எழுதித்தான் பேசினேன்.

அன்றைக்குத்தான் இன்னொன்றையும் சொன்னாள். மார்கழி விடியற்காலையில் அவள் வீட்டில் தெருப் பெண்கள் கூடிப் பாசுரம் பாடிச் சேவிப்பார்கள். முதல் எடுப்பு எடுத்துக் கொடுக்கிறவள் இவள்தான். "இந்த வருஷம் வேற யாராவது எடுக்கட்டும்னு சொல்லிட்டேன். என் சுருதி எனக்கே கேக்கலை" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். 'உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. மூன்று மெயில் போட்டேன், மூன்றுக்கும் அதே பதில், எழுத்து மாறாமல். சரி, ஒருத்தி கத்தினால் காதில் விழாது, ஊரே கத்தினால் விழுமா பார்ப்போம் என்று இணையத்தில் மனு போடுகிற தளம் ஒன்றில் உட்கார்ந்தேன். 'உயர்திரு மேலாளர் அவர்களுக்கு, ஐயா, வணக்கம்' என்று தொடங்கி ஒரு பக்கம் தட்டினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காய்ச்சல் லீவ் லெட்டர் மாதிரி இருக்கு" என்றார். முறைத்தேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். அழித்துவிட்டு நாலே வரி எழுதினேன்: நல்ல மெஷினை வேலை செய்யாமல் ஆக்கியது நீங்கள், பழைய மாடலையும் ஆப்பில் திரும்பச் சேருங்கள்.

அதை எங்கள் சர்ச் குரூப்பிலும் ஸ்ரீரங்கத்துப் பாசுரக் குரூப்பிலும் அனுப்பி, 'எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, உங்க சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க' என்று எழுதினேன். ஆஹா, என்ன வேகம்! இரண்டே நாளில் இருநூறைத் தாண்டியது. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பார்த்தால் முப்பத்தெட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். முப்பத்தெட்டுதான். ஒரே பெயரில் ஏராளமான கையெழுத்துகள் வந்திருப்பதால் போலி என்று சந்தேகப்பட்டு நீக்கிவிட்டதாகத் தளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நீக்கியவற்றின் பட்டியலும் இருந்தது. திறந்தேன். அடியேன். அடியேன். அடியேன் தாசன். அடியேன். எண்ணினேன், பழக்கம் விடுமா? நூற்றெழுபது அடியேன்கள்.

அடுத்த பஸ்ஸில் ஸ்ரீரங்கம். பாசுரக் குரூப்பில் மூத்தவரான கடைசி வீட்டு மாமியைப் பிடித்தேன். "என்ன மாமி இது, பேர் எழுதற இடத்துல எல்லாரும் அடியேன்னு போட்டிருக்கீங்க?"

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே டீச்சர் கையெழுத்துப் போடச் சொன்னேள்? கடுதாசி எழுதினா கீழே அடியேன்னுதானே போடுவோம்? எங்காத்துல அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். பேரைப் போட்டுக்கறது அகங்காரம்னு சொல்லுவா."

அமெரிக்காவில் இருக்கிற மாப்பிள்ளை வரைக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார். கோபமாகப் போனவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரர், "நம்ம ஆளுங்க மட்டும் என்ன ஒழுங்கு? லிஸ்ட்டை நல்லாப் பாரு" என்றார். பார்த்தேன். ஒரே புனிதரின் பெயரை வைத்துக்கொண்டு, இனிஷியலும் ஒன்றாக இருந்ததால், எங்கள் சர்ச் பெண்கள் ஏழு பேரும் போலிகளில் சேர்ந்திருந்தார்கள்.

மறுநாள் என் சிநேகிதி வீட்டுக் கூடத்துக்குத் தெருப் பெண்கள் எல்லாரையும் வரச் சொல்லி, அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "உங்க பேர் சொல்லுங்க." இத்தனை வருஷம் கடைசி வீட்டு மாமி, தபாலாபீஸ் மாமி என்றே தெரிந்தவர்கள். அன்றைக்குத்தான் அவர்கள் பெயரைக் கேட்டேன். எவ்வளவு அழகழகான பெயர்கள்! ஒரு மாமி தன் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னார். ஏன் கையெழுத்திடுகிறீர்கள் என்று கேட்கிற கட்டத்தில் தபாலாபீஸ் மாமி, 'இங்கு அனைவரும் க்ஷேமம், தங்கள் கம்பெனியில் அனைவரும் க்ஷேமமா?' என்று விசாரித்திருந்தார். நான் அதை அழிக்கவில்லை.

இவ்வளவும் நடக்கும்போது என் சிநேகிதி எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை மறுபடியும் ஏறியது. ஒருநாள் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவரே போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், லிஸ்ட்டைச் சரிபார்த்தோம். இதுல எங்க மெஷின் வாங்கின கஸ்டமர் ஒருத்தர்கூட இல்லையே. யாருக்காக இந்த மனு?"

தூக்கிவாரிப் போட்டது. மறுபடி முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். அவள் இல்லை.

போய், சிலேட்டில் எழுதிக் கேட்டேன். அவள் சர்வசாதாரணமாக, "எனக்கு வேணும்னு நானே கேட்டு, நானே கையெழுத்தும் போட்டுக்கறதா? நன்னாவா இருக்கும்? மத்தவாளுக்குன்னா முதல் ஆளாப் போட்டிருப்பேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். பிறகு சிலேட்டில் பெரிசாக, 'நீ போடலைன்னா நான் இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்' என்று எழுதினேன். அவள் நிதானமாகப் படித்தாள். உள்ளங்கையால் அழித்தாள். "சாத்துக்குடி ஜூஸ் குடிக்கறயா?" என்று கேட்டாள். என்ன செய்வது இவளை? குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் பழக்கதோஷத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் அறிவிப்பு மணி ஒலித்தது. மனுவில் புதிதாக ஒரு கையெழுத்து. இனிஷியலோடு அவளுடைய முழுப்பெயர். வருகைப் பதிவேட்டில் எனக்கு மேல்வரியில் இருபத்தெட்டு வருஷம் பார்த்த பெயர். காரணம் கேட்கிற கட்டத்தில் இப்படி இருந்தது:

'தினமும் ஏழு மணிக்கு மன்னார்புரத்திலிருந்து என் சிநேகிதி பேசுவாள். கத்தரிக்காய், நாய்க்குட்டி என்று ஏதாவது சொல்லுவாள். ஒன்றும் முக்கியமில்லை. எனக்கு அது கேட்கவேண்டும். அடியேன்.'

அழுதேன். வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். போனை அவரிடம் நீட்டினேன். அவரும் படித்துவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அவள் கையெழுத்துக்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். எங்கெங்கிருந்தோ, அதே மெஷின், அதே ஐப்பசி, அதே இரைச்சல் என்று எழுதினார்கள். அதுவரை ஒவ்வொருவரும் தங்கள் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சென்னைக்காரர் இன்னும் இரண்டுதரம் பேசினார். கடைசியில் பழைய மாடல்களையும் ஆப்பில் சேர்க்கிறோம் என்று அறிவித்தார்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. 'வாடிக்கையாளரின் விருப்பத்துக்கிணங்க' என்று போட்டிருந்தார்கள். அந்த 'விருப்பம்' என்ற வார்த்தையைச் சுழிக்க என் கை துறுதுறுத்தது, விட்டுவிட்டேன்.

அதற்குள் மார்கழி பிறக்க நாலே நாள். மாமிகள் யாரும் முதல் எடுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, "அவர் எடுக்காம நாங்க ஆரம்பிக்க மாட்டோம்" என்று பிடிவாதமாக இருந்தார்கள். தில்லைநகர் கடைக்காரர் அவள் வீட்டுக்கே போய் மெஷினை ஆப்போடு மறுபடி இணைத்துக் கொடுத்தார். வலது காது உடனே வந்துவிட்டது. இடது காது தை மாதம் வரை அழிச்சாட்டியம் பண்ணியது; ஒற்றைக் காதோடுதான் மார்கழி முழுக்க முதல் எடுப்பு எடுத்தாள்.

வலது காது வந்த அன்றே ஏழு மணிக்கு நான் போன் பண்ணினேன். இரண்டு மாதமாக அவளிடம் கத்திக் கத்தியே பழகியிருந்தேன். எடுத்ததும், "ஹலோ! நான்தான் பேசறேன்! கேக்குதா?" என்றேன். எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏண்டி இப்படிக் கத்தறே? காதுக்குள்ளே உக்காந்துண்டு கத்தினா இருக்கறதும் போயிடும்."

கத்தரிக்காயைச் சொல்லலாமா, நாயைச் சொல்லலாமா? வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள்.

"என்னடி, பேச்சையே காணோம்? நான் பேசறது நோக்குக் கேக்கறதா?"

"கேக்குதுடி" என்றேன்.