எல்லா ஊர்ப் பத்தியமும்

பள்ளி விளையாட்டு விழாவின் ஒத்திகை முடிந்து என் மகள் கல்பனா வீட்டுக்கு வந்தபோது, மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் குங்குமத்தைத் தேய்த்துவிட்டதுபோல் சிவந்திருந்தது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மதியம் வரை மைதானத்தில் நின்றால் யாருக்கும் முகம் கன்றத்தான் செய்யும் என்று சந்தனம் அரைத்துப் போட்டேன். சிவப்பு மறையவில்லை. பிறகு விரல் மூட்டுகள் வலிக்கின்றன, பேனா பிடிக்க முடியவில்லை என்றாள்.

இதே சிவப்பைத் தங்கள் பிள்ளையின் முகத்தில் பார்த்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு முதலில் கிடைத்தது மருந்து அல்ல, பத்தியம்.

என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் இருந்தோம். தோலில் ஏதாவது வந்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு விலக்கு உண்டு. தூத்துக்குடிக்காரர் வீட்டில் மீனையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். சேலத்து அக்கா கத்திரிக்காயும் நிலக்கடலையும் கூடவே கூடாது என்றார். தஞ்சாவூர் மாமிக்குத் தயிர் ஆகாது. ஒரு வீடு முட்டையைச் சூடு என்றது. இன்னொரு வீடு கீரை தின்றால் கரப்பான் (அரிக்கும் தோல் நோய்) கூடும் என்றது. யார் பேச்சையும் தட்ட முடியவில்லை. எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபோது குழந்தையின் தட்டில் சோறும் மிளகு ரசமும் மிஞ்சின.

கூடவே, வெயில் பட்டால் தோல் தேறும் என்றார்கள். தேங்காய் எண்ணெய் தடவி மொட்டை மாடியில் நிற்க வைத்தோம். சிவப்பு கைகளுக்கும் இறங்கியது. சீப்பில் கொத்தாக முடி வந்தது.

திருமுல்லைவாயிலிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா ஒருநாள் வாசலில் கூடையை இறக்கினாள்.

"இன்னாம்மா, எம்மேல கோவமா? ஒரு நெத்திலி கூட வாங்க மாட்டேங்குற. ஊட்ல எல்லாரும் சாமியாரா பூட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். "புள்ள பாதியா கீதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே கல்பனாவின் கணுக்கால்கள் வீங்கின. செருப்பு நுழையவில்லை. மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவின் தாழ்வாரத்தில் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்த பிறகு ஒரு பெண் மருத்துவர் எங்களை அழைத்தார். வந்திருப்பது லூபஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்றார். சிறுநீரில் புரதம் கசிகிறது, நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, இப்போதே அடக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மீன் கொடுப்பதில்லை, முட்டை இல்லை, தயிர் இல்லை என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க சொன்னதெல்லாம் சாப்பிடாதது. சாப்பிடுறது என்ன?"

"ரசம்" என்றார் என் கணவர், மெதுவாக. மாடி வெயிலில் நிற்க வைத்ததையும் சொன்னார்.

"இவளுக்கு முதல்ல விலக்க வேண்டியது வெயில். அதை மட்டும்தான் தாராளமாக் கொடுத்திருக்கீங்க."

மருத்துவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அந்தத் தாழ்வாரத்தில் எங்களைப் போல எத்தனை பேரோ.

ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். முட்டையும் மீனும் கீரையும் கொய்யாவும் தட்டுக்குத் திரும்பின. வெயில் படாத பிள்ளைக்கு எலும்பு தேய்ந்துவிடக் கூடாது என்று பாலும் தயிரும் அவசியம் என்றார்கள். இது கல்பனாவுக்குச் சொன்ன உணவு. உங்கள் பிள்ளைக்கு எது ஏற்கும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். வீட்டு ஜன்னல்களுக்குத் தடித்த துணியில் திரை போட்டேன். முழுக்கைச் சட்டை, குடை, வெளியே போகும் முன் முகத்தில் வெயிலைத் தடுக்கும் துத்தநாகக் களிம்பு. மேகமூட்டமான நாளிலும் இதில் விலக்கு இல்லை.

மருத்துவர் சொன்னதைச் சேலத்து அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. சில நாள் கழித்து அவரே வந்து அளவெடுத்து, முழுக்கை வைத்த பள்ளிச் சட்டைகள் தைத்துக் கொடுத்தார்.

மருந்தில் கல்பனாவின் முகம் உப்பியது. அதன்மேல் வெள்ளைக் களிம்பு. வகுப்பில் என்னென்ன சொன்னார்களோ, என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "ஏன்டி இப்படி வெள்ளையா இருக்கேன்னு கேட்டாளுங்கம்மா. பொங்கல் வருதில்ல, வெள்ளையடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சமையலறைக்குள் போய் நின்றேன்.

மாதங்கள் போகப் போக புரதம் கசிவது குறைந்தது, பிறகு நின்றது. நடுவில் மாங்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்காக வெயிலில் நின்றதில் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி மருந்தைக் கூட்டினார்கள். மறுபடி காத்திருந்தோம். குணமாகிவிட்டதா என்று மருத்துவரைக் கேட்டேன். "தூங்குது. எழுப்பாம பாத்துக்கோங்க" என்றார்.

இப்போது அவள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். என்ன சாப்பிட்டாய், குடை எடுத்தாயா என்று போனில் கேட்டால் சலித்துக்கொள்கிறாள். சலித்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குத்தான் உடம்பு மாறிவிட்டது. கடிகாரம் பார்க்காமலே வெயில் எப்போது எந்தச் சுவருக்கு வரும் என்று தோலுக்குத் தெரிகிறது. நேற்று ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது எதிரே வந்த ஒருவர், "ஏம்மா, அந்தப் பக்கம் நிழலா இருக்கே, இப்படி வெயில்ல போறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். தெருவில் தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். கல்பனா கூட வரும்போது விடுவதுபோல், நிழல் இருந்த பக்கத்தை ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு விட்டிருந்தேன்.