நான் சொல்ற வரைக்கும்

அந்தி நேரத்தில் போன் அடித்தால் இன்றும் என் கண் முதலில் தாழ்ப்பாளைத்தான் தேடுகிறது. ஓசூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையைச் சுற்றிக் கம்பெனிச் சுவர்களும் வரிசையாக நிற்கும் லாரிகளும்தான். யானை வர அங்கே வழியே இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. முன்பெல்லாம் எங்கள் அமைப்பின் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால், முதலில் ஒன்றுமில்லாத காற்றுச் சத்தம் கேட்கும். பிறகு அக்காவின் குரல் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லும். "ஆனை வந்திருக்குது. நான் சொல்ற வரைக்கும் கதவைத் தெறக்காதீங்க." அடுத்து ஒரு சின்ன இருமல். அதே சேதி கன்னடத்தில், பிறகு தெலுங்கில். அக்கா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குரல் எனக்கு வந்துகொண்டேயிருந்தது. அனுப்பியவனும் நான்தான்.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் சொல்வோம். காகிதத்தில் மட்டும் செயலாளர். தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை மாடியில் அந்த அமைப்பைத் தொடங்கியவர் அவர். அதற்கு முன் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். கல் தூசு நெஞ்சில் தங்கிப் போனதன் மிச்சம்தான் அந்த இருமல். என் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதை என்னைவிட அக்கா அதிகம் பேருக்குச் சொல்லியிருப்பார். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. யானைக் கூட்டம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று வனத்துறைக் காவலர்கள் சொன்னால், அந்த ஊரில் பதிந்திருக்கும் எல்லா போனுக்கும் பேச்சுச் சேதி போக வேண்டும். சரியாகப் போகிறதா என்று பார்க்க என் எண்ணையும் எல்லாப் பட்டியலிலும் சேர்த்திருந்தேன். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஓசூர் பஸ்களின் ஹாரன் ஓயும்வரை காத்திருந்து, ஊர் ஊராக அவர் பேசிப் பதிவு செய்வார். இருமலை வெட்டிவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு, அது கெடக்கட்டும், மூச்சு விட்டாத்தான மனுசி என்றார்.

ஒரு முறை யாரோ விளையாட்டாக, யானை போய்விட்டது என்று ஒரு பொய்க் குரல் பதிவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதை நம்பி ராகிக் கொல்லைக்குக் காவலுக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு ஊராகப் போய், கூட்டம் கூட்டி, ஒரே ஒரு விதியைச் சொன்னார். என் குரலில் வந்தால் மட்டும் நம்புங்கள். வருகிறது என்றும் நான்தான் சொல்வேன், போய்விட்டது என்றும் நான்தான் சொல்வேன். வேறு யார் சொன்னாலும், கலெக்டரே சொன்னாலும், கதவைத் திறக்காதீர்கள். சனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த விதிக்குப் பிறகு எங்கள் ஊர்களில் உயிர்ச் சேதம் இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் எங்களிடம் அவர் எப்போதும் சொல்வது வேறு ஒன்று: "நான் இல்லாட்டியும் இது ஓடணும்டா." இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாட்களில் அவருக்கு ஒரு வேகம் வந்தது. காட்டோர ஊர்கள் முடிந்த பிறகும் நிறுத்தாமல், கிழக்கே கிழக்கே போய், பாரூர் ஏரிப் பக்கத்து ஊர்களிலும் கூட்டம் போட்டு, போன் எண்களைச் சேர்த்து, அந்த ஊர்ப் பெயர்களையும் பதிவு செய்ய உட்கார்ந்தார். அது எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் நான் சிரித்தேன். பாரூருக்கு ஆனை எதுக்குக்கா வரும், ஏரி மீன் திங்கவா என்றேன். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. "கரும்பு இருக்குதில்ல? அதுங்களுக்கு வழி தெரியும்டா. நமக்குத்தான் தெரியாது." அந்தப் புது ஊர்கள் எல்லாவற்றுக்கும் 'வந்திருக்குது' என்பதை முதலில் பேசி முடித்தார். 'போயிருச்சு' என்பதை ஆரம்பிக்கும் முன் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

கமிட்டியில் பேசி, இருக்கிற பதிவுகளை வைத்தே ஓட்டலாம் என்று முடிவானது. குரல் மாறினால் சனம் நம்பாது, நம்பாவிட்டால் உயிர் போகும். அது நியாயமாகத்தான் பட்டது. சாவுச் செய்தி எல்லா ஊருக்கும் போய்ச் சேரவுமில்லை. காட்டோர ஊர் ஒன்றில் டீக்கடைக்காரர் என்னிடம், நேத்து அக்கா பேசினாங்களே, இருமல் கொஞ்சம் கொறஞ்சாப்பல இருக்குது, மருந்து எடுத்துக்கறாங்களா என்று விசாரித்தார். அவர் கேட்டது மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு. தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம், யாரும் எதிர்பாராத விதமாக, இரண்டு யானைகள் கிழக்கே நடந்து பாரூர் வாய்க்காலைத் தாண்டிக் கரும்புக்குள் நுழைந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கம்ப்யூட்டரில் அந்த ஊரின் பெயரைத் தட்டினேன். அக்கா தயாராக இருந்தார். யானைகளுக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

காலையில், யானைகளை வாய்க்காலுக்கு அப்பால் விரட்டியாயிற்று என்று காவலர்கள் சொன்னார்கள். 'போயிருச்சு' சொல்ல அந்த ஊருக்கு அக்காவின் பதிவு இல்லை. என் குரலில் பேசி அனுப்பினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்தவர். "சார், என் சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சு. நூத்தியெட்டு வாசல்ல நிக்குது. அம்மா கதவைத் தெறக்க மாட்டேங்குது. அக்கா இன்னும் போன் பண்ணலையாம்." நான் அனுப்பினேனே என்றேன். "அது டூப்பாம் சார்." ஆம்புலன்ஸ் டிரைவரோடும் பேசினேன். ஊரே இப்படித்தான் சார் இருக்குது என்றார் மெதுவாக. நல்ல வெளிச்சம், மாடு கத்துது, பால் கறக்க ஆள் இல்லை, ஒரு கதவும் திறக்கலை. உள்ளே பேச்சு மட்டும் கேக்குது. குரலைத் தாழ்த்தி அவர் அப்படிச் சொன்னது, எழவு வீட்டு வாசலில் நிற்பவர் பேசுவது போலிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. அந்த ஊரின் பெயரை ஒரு பதிவிலிருந்து வெட்டினேன். 'ஆனை போயிருச்சு, இனி வெளிய வரலாம்' என்பதைத் தளி பக்கத்து ஊர் ஒன்றின் பதிவிலிருந்து எடுத்து அதோடு ஒட்டினேன். அக்கா தன் வாழ்நாளில் சொல்லாத ஒரு வாக்கியத்தை அக்காவே சொன்னார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போனில், தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகும் சத்தம் டிரைவர் வழியாக எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, இருவரும் நலம்.

எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கு உதவி செய்யும் கம்பெனியின் அதிகாரி கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து, இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, மேடத்தின் குரலை எந்த ஊருக்கும் எந்தச் சேதிக்கும் பேச வைக்கலாம், உங்கள் அமைப்புக்கு இனி சாவே இல்லை என்றார். அக்கா இதுக்கு ஒத்துக்குவாங்களா என்று ஒருவர் இழுத்தார். வேணும்னா அவங்களையே பேச வெச்சுக் கேட்டுரலாம் என்று இன்னொருவர் சொல்ல, மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அது பாதியில் நின்றுபோனது. பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு நான் பாரூர் போனேன்.

குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்க மறுத்த அந்த மாமியாரிடம், அக்கா இறந்து ஒரு வருடமாகிறது என்று சொன்னேன். அன்னிக்குக் காலையில பேசினாங்களேப்பா என்றார். வெட்டி ஒட்டியதைச் சொன்னேன். அவர் பயப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தூளிக் கயிற்றைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப ஆனை நெசமாவே போயிருந்துச்சா? நீ பாத்தியா?"

காவலர்கள் சொன்னார்கள் என்றேன்.

"அக்கா பாத்துட்டுத்தான் சொல்றாங்கன்னு இல்ல நான் நெனச்சேன்."

அக்காவும் பார்த்ததில்லை. அவரும் உரக்கடை மாடியில் உட்கார்ந்துதான் பேசினார். ஆனால் அந்த அம்மாளுக்குள், வாய்க்கால் கரையில் இருமிக்கொண்டே நின்று, யானையின் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டுப் போனை எடுக்கும் ஒரு அக்கா இருந்திருக்கிறார். எத்தனை வீடுகளில் அவர் அப்படி நின்றுகொண்டிருக்கிறாரோ. ஒரு அமைப்பு நீடித்து நிற்பது என்றால், அப்படி நிற்கும் அக்காவை ஓயாமல் நிற்க வைப்பதா, இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதா? திரும்பும் பஸ் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கம்பெனியின் யோசனையை வேண்டாம் என்றோம். ஊர் ஊராகப் போய் அக்காவின் சாவைச் சொன்னோம். சில ஊர்களில் அன்றைக்குத்தான் அழுதார்கள். இப்போது ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் ஒருவரே காவலர்களோடு போய்த் தடத்தைப் பார்த்துவிட்டுத் தன் குரலில் சொல்கிறார். வருடம் மாறினால் ஆளும் மாறும். மாறப்போகிறது என்று முன்னாலேயே ஊருக்குச் சொல்லிவிடுவோம். அக்காவின் பதிவுகளை என் கையாலேயே அழித்தேன். பாரூர் பக்கத்து ஊருக்கு முதல் ஆளாகப் பேச வந்தவர், அன்று கதவுக்கு உள்ளே வலியில் துடித்த அந்தப் பெண்தான்.

போன வாரம் அந்தியில் போன் அடித்தது. காற்றுச் சத்தம். அந்தப் பெண்ணின் குரல், ஊர்ப் பெயர், நான் சொல்ற வரைக்கும் கதவைத் தெறக்காதீங்க. கன்னடம் தொடங்கும் முன் ஒரு சின்ன இருமல்.

மறுநாள் அவரிடம், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லையே சார் என்றார். இருமினீங்களே என்றேன். "இருமினேனா? தெரியலையே சார்." பொய் சொல்லும் குரல் இல்லை அது.

அதெல்லாம் மறுநாள் பேச்சு. அன்று அந்தியில், தெலுங்கில் சேதி முடிந்து போன் தானாக நின்றபோது, நான் ஏற்கனவே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டிருந்தேன்.