களவெட்டிக்குள் சொல்லாத சேதம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தற்காலிக எழுதுவினைஞனாக இருந்தேன். அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லை யாராவது அழுத்திச் சொன்னால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டும், சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாகத் திரிந்தேன். ஒன்றில் மை இருக்காது.

எனக்குக் கிடைத்தது உணவுப் பகுதி. பர்மா அரிசி வருவது நின்றுபோன நாட்கள் அவை. விளைந்த நெல்லில் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒரு பங்கை விட்டுவிட்டு, மிச்சத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளத்தால் பழுதான நெல் இருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்கெடுப்பார்கள். அதற்கு ஒரு படிவம் இருந்தது. 'வெள்ளச் சேதம்' என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் என் வேலை.

வாவிக்கு அக்கரையில், வவுணதீவில் என் அக்கா இருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். அப்பாவின் வயல் அக்காவுக்குப் போனது, நான் பட்டணத்தில் மனைவி வீட்டுக்குப் போனேன். இதில் எனக்கு மனக்குறை எதுவும் இருக்கவில்லை. சேற்றில் இறங்காமல் தப்பினேன் என்றுதான் நினைத்தேன். அத்தான் அந்த வயலைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். வருடா வருடம் அரிசியும் தயிரும் தோணியில் எனக்கு வந்து சேரும்.

அந்த வருடம் முகத்துவாரம் சீக்கிரமே மண்ணால் அடைத்துக்கொண்டது. வாவி கடலில் போய் விழும் இடம் அது. அறுவடை முடிந்து, கதிர்க்கட்டுகளைக் களவெட்டியில் சூடாக, அதாவது போராக, அடுக்கியிருந்த நேரத்தில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. சூடு மிதிக்கிற களத்துக்குத்தான் எங்கள் ஊரில் களவெட்டி என்று பெயர். வாவி வீங்கியது. முன்பெல்லாம் தண்ணீர் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்ததும் வட்டைக்காரர்கள், அதாவது வயல்வெளிக்காரர்கள், மண்வெட்டியோடு போய் மண்திட்டை வெட்டிவிடுவார்கள், வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். யுத்தம் வந்த பிறகு அந்தக் கடற்கரையில் கால் வைக்கவே அனுமதி வேண்டும். வட்டைக்காரர்களின் மனு கச்சேரிக்கு வந்தது. அது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் குறிப்பு எழுதினார், ஒருவர் அந்தக் குறிப்புக்கு விளக்கம் கேட்டார். என் மேசையிலும் அது அரை நாள் கிடந்தது என்பதை மறைக்க மாட்டேன். அனுமதி கையெழுத்தாகியபோது வெள்ளம் தானாகவே வடியத் தொடங்கியிருந்தது.

அந்த ஈரம் காய்வதற்குள் மேலதிகாரியும் நானும் சேதம் பார்க்கப் புறப்பட்டோம். அவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், நியாயமானவர். கெட்டவராக இருந்திருந்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்றாவதாகப் போனது அத்தானின் களவெட்டி. சூடு மிதிப்பு தொடங்கியிருந்தது. எருமைகள் வட்டமாக நடந்துகொண்டிருந்தன. அதிகாரி சப்பாத்தோடு வருவதைக் கண்டு அத்தான் கைகூப்பிச் சொன்னார்.

"ஐயா, சப்பாத்தக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க."

அவர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். நானும் கழற்றினேன். வரம்பைத் தாண்டி இருவரும் களவெட்டிக்குள் போனோம். அங்கேதான் எல்லாம் பிழையாகிப்போனது.

எங்கள் ஊர்க் களவெட்டிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சூடு மிதிக்கத் தொடங்கினால், கடைசி நெல் வீட்டுக்குப் போகும்வரை அந்த வரம்புக்குள் நின்று எவரும் குறை சொல்லக்கூடாது. போதாது, பழுது, அழிந்தது என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. காதில் பட்டால் பூதம் பொலியை, அந்த நெற்குவியலை, அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். தொடக்கிவைத்தவர் முடியும்வரை களத்தை விட்டுப் போகவும் கூடாது. நான் இதையெல்லாம் நம்பாதவன் என்று பட்டணத்தில் சொல்லித் திரிந்தேன். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த வரம்புக்குள் ஒரு தடவையாவது நான் குறை சொன்னதில்லை.

அதிகாரி கேட்டார். "வெள்ளச் சேதம் ஏதும் உண்டோ?"

சூட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. நனைந்த வைக்கோலின் புளித்த வாடை எனக்கே வந்தது. அதிகாரிக்கும் வந்திருக்கும், ஆனால் வயல்வெளி வாடை இப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

"எல்லாம் நிறைவாக் கிடக்கு ஐயா" என்றார் அத்தான்.

சொல்லிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், ஊரில் யாருக்கும் தெரியும். வெளியே போய் நீ சொல்லிவிடு என்பதுதான் அது. நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அத்தான் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். வெளியே போனதும் அதிகாரியிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் நினைப்பு.

தோணித் துறைக்கு ஒரு கட்டை நடை, ஒரு மைல் இருக்கும். வரம்பைத் தாண்டி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தோம். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவர் உம்முடைய அத்தான் எண்டு தோணிக்காரன் சொன்னவன். மற்றக் கிளாக்கர்மார் தங்கட சொந்தக்காரருக்காகச் சேதம் சேதம் எண்டு பொய் எழுதிக்கொண்டு வருகினம். நீர் நேர்மையான ஆள். நிரந்தரமாக்கச் சொல்லி உமக்கு நான் எழுதுவன்."

என் வாய் மூடிக்கொண்டது. இதற்கு மேல் அலங்காரம் பண்ணிச் சொல்ல ஒன்றும் இல்லை. நேர்மையான ஆள் என்ற பட்டம் கிடைத்த அடுத்த நிமிடமே நான் நேர்மையைக் கைவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. முறைப்பாடு சொல்லும் கெடு ஒரு கிழமை, ஏழே நாள். அத்தான் களத்தை விட்டு வரவில்லை. வரத் தேவையில்லை, மச்சான் சொல்லியிருப்பான் என்று அவர் இருந்துவிட்டார்.

அடுத்த மாதம் நெல் மூட்டைகள் வாவிக்கரைக் களஞ்சியத்துக்கு வந்து இறங்கின. தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை அது. இறங்கிய மூட்டைகளுக்கு இடையில் வாயை மஞ்சள் துணியால் கட்டிய மூட்டைகளைக் கண்டேன். மஞ்சள் அரைத்துத் தோய்த்த துணியால் கட்டுவது அக்காவின் பழக்கம். விதைநெல் மூட்டைக்கு மட்டும்தான் அப்படிக் கட்டுவாள். அடிச்சூடு அழுகிப்போனதால் கொடுக்க வேண்டிய அளவு நிரம்பவில்லை. சேதம் இல்லை என்று எழுதியிருக்கிறதே என்று சொல்லி, அளவை நிரப்ப, நெல் ஏற்ற வந்த ஆட்கள் விதைநெல்லைத் தூக்கிவிட்டார்கள். நனைந்த நெல்லையும் காயவைத்த மாதிரிக் காட்டி அதோடேயே ஏற்றியிருந்தார்கள்.

அன்றைக்கே அதிகாரியிடம் ஓடியிருக்கலாம். விதைநெல் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று வரத்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஈரநெல்லும் காய்ந்த நெல்லும் ஒன்றாக அடுக்கப்பட்டன. அப்படி எத்தனை வட்டைகளின் நெல் வந்ததோ தெரியாது, ஈரமான சூட்டை 'நிறைவாக் கிடக்கு' என்று சொன்னவர் அத்தான் ஒருவர் மட்டுமாக இருந்திருக்க முடியாது. பத்து நாளில் மூட்டைகளுக்கு இடையில் கையை விட்டால் வெக்கை தெரிந்தது. பிறகு சாக்கைத் துளைத்துக்கொண்டு முளை வந்தது. கொழும்பு உத்தரவு இல்லாமல் மூட்டையைத் திறக்கக்கூடாது என்பது விதி. எழுதினோம், நினைவூட்டி எழுதினோம். பக்கத்துத் தெருவில் சனங்கள் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். களஞ்சியத்தின் நாற்றம் அந்த வரிசைக்கும் வந்தது. அரிசி ஏன் நாறுகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, எப்போது தருவீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. களஞ்சியத்தில் உள்ள நெல் முழுவதும் உணவுக்கு உதவாது, மனிதருக்கோ மாட்டுக்கோ கொடுக்காமல் அழித்துவிடவும். 'முழுவதும்' என்று இருந்தது. அந்தக் கடதாசியை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஈரநெல் எரியாது, புதைக்க ஆளில்லை. வாவியில் கொட்டுவது என்று முடிவாயிற்று. மேற்பார்வைக்கு நான்.

களஞ்சியத் துறையில் ஒரு பலகை நின்றது. வாவியில் குப்பை, கழிவு கொட்டுவோர் தண்டிக்கப்படுவர் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அந்தப் பலகையில் சாய்ந்து நின்றுதான் கூலியாட்கள் மூட்டையை அவிழ்த்தார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் நிறம் மாறியது. திரளியும் கொடுவாயும் வயிற்றைக் காட்டி மிதந்தன. இறால் கரையில் வந்து ஒதுங்கிச் செத்தது. இத்தனை மீன் ஒன்றாகச் சாவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. நெல் மீனைக் கொல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சாப்பாடே நஞ்சாகிப்போயிருந்தது. ஏறாவூர்ப் பக்கத்து மீன்காரர் ஒருவர் வெறுந்தோணியைத் துறைக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கிளாக்கர், எனக்கு எழுத்துத் தெரியா. அந்தப் பலகையில என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க."

நான் வாசித்தேன். கடைசிச் சொல்வரை வாசித்தேன். அவர் கேட்டு முடித்து, தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் காலை அக்கா வந்தாள். விதைநெல் கடன் கேட்கக் கச்சேரிக்குப் போகிறவள், தம்பியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தோணியைக் களஞ்சியத் துறைக்கு விடச் சொல்லியிருக்கிறாள். செத்த மீன்களை விலக்கிக்கொண்டு தோணி வந்தது. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு ஏறியவள், துறையின் ஓரத்தில் கிடந்த மஞ்சள் துணிகளைக் கண்டாள். இரண்டு துணி வெறுமனே கிடந்தது. மூன்றாவது, ஒரு மூட்டையின் வாயில் இன்னும் கட்டியபடி இருந்தது.

அவள் ஓடிப்போய் அந்த மூட்டையின் மேல் கை வைத்தாள். கட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்டு அள்ளினாள். நெல் பொன் நிறமாக இருந்தது. மேல் அடுக்கில் இருந்ததால் அதற்கு வெக்கை ஏறவில்லை. ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். டக் என்று சத்தம் கேட்டது.

"இது பழுதில்ல தம்பி. நல்ல நெல்லு. இத விட்டா எங்களுக்கு இந்தப் போகம் விதைக்க மணி நெல்லும் இல்ல."

கூலியாட்கள் இருவரும் மூட்டையைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி களஞ்சிய வாசலில் நின்றார். அவரும் பார்த்தார். சொல்லியிருந்தால் அந்த மனிதர் விட்டிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரேயொரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் மூன்று மாதத்துக்கு முன் எழுதிய 'இல்லை'யையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

"முழுக்கக் கொட்டச் சொல்லி உத்தரவு அக்கா" என்றேன்.

கூலியாட்களில் ஒருவன் அக்காவின் கையை மெல்ல எடுத்துவிட்டான். மூட்டை சரிந்தது. நல்ல நெல் தண்ணீரில் விழும் சத்தம் அழுகிய நெல் விழும் சத்தத்தைப் போல இல்லை. அது சலசலவென்று விழுந்து, செத்த மீன்களின் மேலேயும் கொஞ்சம் தங்கி நின்றது.

அக்கா மஞ்சள் துணிகள் மூன்றையும் பொறுக்கி மடித்தாள்.

"அண்டைக்கு அவர் உன்னைப் பாத்தவராம். நீயும் தலையாட்டின எண்டவர். தம்பி சொல்லித்தான் இருப்பான், மேலிடத்திலதான் கேக்கல்ல எண்டு இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார்."

அத்தான் என்னைத் திட்டியிருப்பார் என்று இருந்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு திரிகிறார் என்று நினைக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நான் களவெட்டிக்குள்ள நிண்டனான் அக்கா. அதுக்குள்ள நிண்டு எப்பிடிச் சேதம் எண்டு சொல்றது?"

அவள் தோணியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"வரம்புக்கு வெளியால வந்துதானே தம்பி சப்பாத்துப் போட்ட நீ?"

தோணி அக்கரைக்குத் திரும்பியது. அவள் கச்சேரிக்குப் போகவில்லை. அந்தப் போகம் அவர்களுடைய வயல் தரிசாகக் கிடந்தது, அத்தான் வேறு ஆளின் வயலில் கூலிக்கு இறங்கினார். எனக்கு அந்த வருடம் முடியுமுன் நிரந்தர நியமனம் வந்தது.