இரண்டாம் முறை போன கறன்ற்

சீவரத்தினம் எவரையும் நம்பாதவர் என்று கொக்குவிலில் பெயர். சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடுவார். கடையில் கட்டிக் கொடுத்த சீனியை வீட்டில் திரும்ப நிறுப்பார். அப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவை இரண்டு: சி என்ற கொம்பியூட்டர் மொழியிலுள்ள ‘சிக்னல்’ என்ற பங்ஷன், கூட வேலைசெய்த செபநாயகம்.

இருவருக்கும் ஒரு தனியார் கொம்பியூட்டர் நிலையத்தில் உத்தியோகம். பள்ளிக்கூடங்களின் பரீட்சைப் புள்ளிகளை அங்கேதான் பதிவார்கள். எங்கள் ஊர்க் கறன்ற் ஒரேயடியாகப் போகாது; போகும், எட்டிப் பார்க்கும், மறுபடி போகும். போனதும், மெசினைக் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி கொம்பியூட்டருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும். அதைச் ‘சிக்னல்’ கொண்டு பிடித்து, தட்டிய புள்ளிகளைச் சேமித்துவிடும் புறோகிராமைச் சீவரத்தினம் எழுதியிருந்தார். பழைய மெசினில் அது இரண்டு வருஷம் பிசகவில்லை. சேமித்து முடியும்வரை இரண்டாவது அறிவிப்பை வாசலிலேயே மறித்து வைக்கும்.

1989இல் புது மெசின் வந்தது. அதன் அறைச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளர். அது சீவரத்தினத்துக்குத்தான் என்று பேச்சு; பணிப்பாளர் நமசிவாயம் ஒருநாள் வேலையைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்.

கையேடு ஒரு பிரதிதான். “புறோகிராமைப் புது மெசினுக்கு நான் மாத்துறன், உதை நீர் வாசியும்,” என்று செபநாயகத்திடம் கொடுத்தார் சீவரத்தினம். ஒரு கிழமை கழித்து, “சிக்னலைப் பாத்தனீரோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை. எல்லாம் பழைய மாதிரித்தான்.”

சீனியை நிறுத்தவர் இதை நிறுக்கவில்லை. பிளக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சேமித்தது. திருப்தி.

பணிப்பாளர் வந்திருந்த அன்று பின்னேரம் கறன்ற் போனது. புறோகிராம் சேமிக்கத் தொடங்கியது. நமசிவாயம் தலையாட்டினார். கறன்ற் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போனது. புறோகிராம் பாதியில் செத்தது. காலையிலிருந்து தட்டிய புள்ளிகளில் பாதியும் அதோடு போயிற்று.

செபநாயகம் சேர்ட் பொக்கற்றிலிருந்து கையேட்டின் ஒரு பக்கத்துப் போட்டோக் கொப்பியை எடுத்தார்.

“இந்த மெசினிலை சிக்னல் பழசாப்போன பங்ஷன், சேர். ஒருக்காப் பிடிச்சால் பிறகு பிடிக்காது. அடுத்த அறிவிப்பு வந்தால் புறோகிராமையே சாகடிச்சுப்போடும். உதுக்குப் பதிலாப் புதுசு ஒண்டு இருக்கு.”

தாளின் மடிப்புகள் தேய்ந்து வெளுத்திருந்தன. சீவரத்தினம் அதைத்தான் பார்த்தார்.

“எப்ப கண்டனீர்?”

“மாசியிலை.”

அது வைகாசி.

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் பெரிய ஆள், அண்ணை. உங்களுக்கு நான் பாடம் எடுக்கிறதோ?”

நமசிவாயம் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு திறப்பைச் செபநாயகத்திடம் கொடுத்து, புறோகிராமைத் திருத்தும்படி சீவரத்தினத்திடம் சொன்னார்.

பங்ஷனில் சீவரத்தினத்துக்குக் கோபமில்லை. அது தன் குணத்தை அச்சிலேயே போட்டிருந்தது. அந்தத் தாளைப் பக்கத்தில் விரித்துவைத்து, கறன்ற் வந்ததும் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினார். ஒரே ஒரு வரி.

பின்னால் திறப்போடு நின்ற செபநாயகம் மெதுவாகக் கேட்டார்:

“முடிஞ்சுதே அண்ணை? பூட்டவேணும்.”