புத்தாக்கத்துக்குப் போட்ட புள்ளி

மிஸ்ஸை நினைத்தால் முதலில் வருவது, அவர் தயங்காமல் "ஓம்" என்று சொன்ன அந்தக் கணம்தான். வாவிக்கரையிலிருந்த எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, உத்தியோகத்தர்களின் புத்தாக்கத் திறனை அளக்கவென்று பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வந்திருந்தார். பதில்கள் தன்னைத் தாண்டிப் போகாது, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார். என்னைவிட மூத்த ஆராய்ச்சியாளரான மிஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே அறை. இருவரையும் சேர்த்தே கேட்டார். புதியதொன்றைச் செய்து பார்க்கப் பயப்படுவீர்களா என்ற கேள்விக்கு நான் இல்லை என்றேன். மிஸ் ஓம் என்றார்.

"பயம்தான் சேர். பிழைச்சா எனக்கு ஒரு கட்டுரைதான் போகும். வயல்காரனுக்கு ஒரு போகமே போயிரும்."

ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். உவர் ஏறிய வயல் வட்டைகளில் தாக்குப்பிடிக்கும் ஒரே ஒரு நெல்லைத்தான் ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். இந்த வருடம் எத்தனை புதிய யோசனைகள் முன்வைத்தீர்கள் என்றபோது, ஒன்றுமில்லை, பழையதே இன்னும் முடியவில்லை என்றார். அதுவும் உண்மைதான்.

புள்ளிகள் எப்படியோ பணிப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டன. மிஸ்தான் கடைசி. அவரைக் களஞ்சியப் பொறுப்புக்கு மாற்றினார்கள். விரிவுரையாளர் ஓடிவந்து, இது ஆட்களைக் கழிப்பதற்குச் செய்த அளவல்ல என்று வாதாடினார். அளந்தது நீங்கள்தானே என்று சொல்லி, பணிப்பாளர் அவருக்குத் தேநீர் வரவழைத்தார். விரிவுரையாளர் அதைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த நெல்லுக்கான மிஸ்ஸின் சோதனைப் பாத்தியில் கதிர் பால் பிடித்திருந்தது. விளைந்ததும் விதையை எடுத்துக்கொண்டு நிலத்தைத் தருகிறேன் என்று கெஞ்சினார். அங்கே வேறொருவரின் புதிய யோசனையை விருந்தினருக்குக் காட்ட நாள் குறித்தாயிற்று. உழவு இயந்திரம் இறங்கியபோது அவர் வரம்பில் நின்று பார்த்தார். அழவில்லை. பிறகு களஞ்சியத்துக்குப் போய்ச் சாக்குகளை எண்ணினார். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டார்.

அடுத்த முறை அளக்க வந்தபோது எங்கள் நிலையத்தில் பயந்தவர் எவருமில்லை. எல்லாரிடமும் யோசனைகள் கொட்டிக் கிடந்தன. இந்த ஆண்டு புத்தாக்கத்துக்கான முதலிடமும் விருதும் எங்களுக்குத்தான்.

போன கிழமை ஏறாவூர்ச் சந்தையில் மிஸ்ஸைக் கண்டேன். விருதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

"நல்லம் தம்பி. எத்தின புது நெல்லு வயல்காரருக்கு வெளிய விட்டீங்க?"

"ஒண்டும் இல்ல மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. மண்டூர்ப் பக்க வயல்களில் இந்தப் போகமும் உவர் ஏறிவிட்டதாமே என்று மட்டும் கேட்டார்.