நாற்பது நீலக் கதிரைகளும் ஜிஎஸ்டியும்

வரிச் சட்டம் எழுதின ஐயா, என்ரை கடைக்குள்ள சண்டை மூட்டிவிட்டது நீங்கள்தான். பழைய கதிரைக்குப் புதுத் துணி போட்டு விற்கிறவன் விலைக்குச் சண்டை பிடிப்பான், அது தொழில். என்னை வரிக்கும் சண்டை பிடிக்க வைத்துவிட்டீர்கள். வங்கிக்குச் சாமான் விற்றுத் தலையிடி வாங்கியவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பங்கு ஆருக்கு?

கிரெய்கிபர்னில் திறக்கவிருந்த வங்கிக் கிளைக்கு நாற்பது கதிரை கேட்டார்கள். இருந்த காசையெல்லாம் போட்டு, அவர்கள் சொன்ன நீலத்தில் தைத்து முடித்தேன். இந்த விற்பனை நின்றுபோனால் மல்கிரேவில் இருக்கிற என்ரை கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பார்க்க வந்த வங்கி அதிகாரி கார்த்திக், சென்னைக்காரர். பில்லில் பத்து வீத ஜிஎஸ்டி வரியைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அந்தக் காசு மாநிலங்களுக்குத்தான் போகிறதாம். வங்கிக்கு லைசென்ஸ் தந்தது கன்பராவில் இருக்கிற மத்திய அரசாம். மாநிலம் எப்படி வங்கியிடம் வரி வாங்கலாமாம். போடுவதும் எடுப்பதும் கன்பராதான், மாநிலத்துக்குப் பிரித்துக் கொடுப்பது பிறகு என்று கத்தினேன். மனுசன் அசையவில்லை.

"பங்கு வாங்குறவங்கதானேண்ணே வரி போடுறவங்க?"

உண்மைக் காரணம்

எல்லா வியாபாரியும் சாமானுக்குக் கட்டின ஜிஎஸ்டியை அரசாங்கத்திடம் திருப்பி எடுக்கிறான், உங்களுக்கென்ன நட்டம் என்று கேட்டேன். அப்போதுதான் குரல் இறங்கியது. வங்கி வாங்குகிற கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லையாம். ஆட்களிடம் வரி வாங்காததால் இந்தக் கதிரைக்குக் கட்டுகிற வரியும் வங்கிக்குத் திரும்பி வராதாம். அந்தப் பத்து வீதத்தை நான் விலையில் குறைக்க வேணுமாம். உங்கட வட்டிக்கு வரியில்லாததுக்கு என்ரை கதிரையா தண்டம் கட்டுறது என்று மேசையில் அடித்தேன். ஆள் சிரித்தார்.

"சரிண்ணே, உங்க இஷ்டம். ஆனா நாப்பது நீலச் சேரை வேற யாரு வாங்குவா?"

மாதாவின் நிறம்

துணி தைக்கிற றெஜினா அன்ரி, மன்னார்க்காரி, மெஷினை நிறுத்தினார். நீலம் மாதாவின் நிறம், எங்கட மாதா கோயில் மண்டபத்துக்குக் கேட்டிருக்கினம், இந்த வங்கித் தம்பி வேண்டாமென்றால் இண்டைக்கே ஏத்துவம் என்றார் சாதாரணமாக. கார்த்திக் கதிரைகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். திங்கட்கிழமை கிளைத் திறப்பு. முழு விலையும் வரியும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும், கோயிலில் ஆர் கேட்டது என்று அன்ரியிடம் விசாரித்தேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மா குடுத்தால் கேப்பினம்."

ஐயா, வங்கிக்கும் எனக்கும் ஒரே மாதிரி விளங்குகிற வரியாக இதை இனியாவது திருத்தித் தாருங்கள், அன்ரி இந்தப் பொய்க்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கி வந்துவிட்டார், இன்னொரு பொய் சொல்ல மாட்டாராம்.